பூங்காவில் பறை காய்ச்சுகிறார்கள்: நகரப் பூங்காக்களின் கலைக் காலம் பற்றி ஒரு பாடம்

தை மாத மாலை ஒன்றில் வழக்கம்போல நடைப்பயிற்சிக்குப் பூங்காவுக்குள் நுழைகிறீர்கள். மதில் ஓரமாகக் கொஞ்சம் வைக்கோல் எரிகிறது. நாலைந்து பேர் சுற்றி நின்று, வட்டமான எதையோ தீயில் காட்டிக் காட்டி எடுக்கிறார்கள். "என்னங்க, பார்க்குக்குள்ள தீ வைக்கிறாங்க, நீங்க பாட்டுக்கு உட்கார்ந்திருக்கீங்களே?" என்று காவலாளியிடம் கேட்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அவர்கள் பறை காய்ச்சுகிறார்கள்.

பறையின் ஒரு பக்கம் தோல், மறுபக்கம் வெறும் மரச்சட்டம். மாலைப் பனி இறங்கினால் அந்தத் தோல் ஈரத்தை இழுத்துத் தளர்ந்துவிடும். தளர்ந்த பறையை அடித்தால் 'தொப் தொப்' என்றுதான் கேட்கும். சூட்டில் தோல் இறுகினால்தான் அந்தக் கணீர் ஒலி வரும். வீணைக்காரர் முறுக்காணியைத் திருகுவது போல, பறைக்காரருக்குத் தீ. நிகழ்ச்சி அரை மணி நேரம் நீண்டால் இடையில் இன்னொரு முறையும் காய்ச்ச வேண்டியிருக்கும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பொங்கல் நாட்களில் நம் பூங்காக்களுக்கு வரும் கலைகளைப் பற்றி அழைப்பிதழில் இருப்பதெல்லாம் 'கலை நிகழ்ச்சிகள் நடைபெறும், அனுமதி இலவசம்' என்ற ஒரு வரிதான். வருகிற கலை என்ன, அதற்கு என்ன தரை வேண்டும், எவ்வளவு இருட்டு வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. தெரியாததால் பாதியில் எழுந்து போகிறோம். சில நேரம் சண்டைக்கும் போகிறோம். பூங்கா குடிமக்கள் எல்லோருக்கும் பொது. அங்கே ஆட வருபவரும் அந்த எல்லோரில் ஒருவர். அவருக்கு அங்கே என்ன தேவை, நமக்கு என்ன உரிமை, இரண்டும் எங்கே உரசிக்கொள்கின்றன என்பதுதான் இந்த இதழின் பாடம்.

தையில்தான் ஏன்?

பூங்கா ஒரு திறந்தவெளி அரங்கு. அதன் நாட்காட்டியை எழுதுவது வானிலை. சென்னையில் ஓராண்டில் பெய்யும் சுமார் 140 சென்டிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடுகிறது. அந்த மூன்று மாதம் புல்தரையில் கால் வைத்தால் சேறு. மார்கழியில் கச்சேரிகள் கூரையுள்ள சபாக்களுக்குள் நடக்கும். தை பிறக்கும்போது மண் இறுகியிருக்கும், வெயில் தணிந்திருக்கும், பள்ளிகளுக்கும் விடுமுறை. பங்குனியைத் தாண்டிவிட்டால் மாலை ஆறு மணிக்குக்கூட வியர்க்கும். ஆக, சென்னைப் பூங்காவில் வசதியாக உட்கார்ந்து கலை பார்க்க நமக்குக் கிடைப்பது தையும் மாசியும்தான்.

கலைஞர்களின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. கிராமங்களில் கோயில் திருவிழாக்களும் கொடைகளும் நெருக்கமாக வருவது பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடி மாதங்களில். அப்போது நல்ல குழு ஒன்று கிடைப்பதே கஷ்டம். மழை மாதங்களில் வேலை குறைவு. அந்த வறண்ட காலத்துக்கும் திருவிழாக் காலத்துக்கும் நடுவில் தை வருகிறது. நகரத்துப் பூங்காவில் கிடைக்கும் நான்கு நாள் வேலை, வருமானமே இல்லாத மாதங்களுக்குப் பின் வருகிற முதல் வருமானமாக ஒரு குழுவுக்கு இருக்கலாம். 'இலவச நிகழ்ச்சி' என்று நாம் சாதாரணமாகச் சொல்வது, பார்ப்பவருக்குத்தான் இலவசம்.

2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம்தான் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது. பூங்காக்கள், கடற்கரை, தெருமுனை என்று நகரத்தின் பல இடங்களில் ஒரே நேரத்தில் கரகாட்டமும் பறையாட்டமும் தெருக்கூத்தும் நடந்தன. இடையில் பல ஆண்டுகள் நின்றுபோய், 2023 பொங்கலில் 'சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா' என்ற பெயரில் கலை பண்பாட்டுத் துறையின் மூலம் மீண்டும் தொடங்கியது. பிறகு கோவை, தஞ்சை, மதுரை, நெல்லை போன்ற நகரங்களுக்கும் சங்கமம் விரிந்தது.

பூங்காவும் திருவிழாவும் சேர்வது சென்னைக்குப் புதிதில்லை. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கவர்னர் டிரெவெல்யன் காலத்தில் 'பீப்பிள்ஸ் பார்க்' என்ற பெரும் பூங்கா உருவானது. இன்றைய ரிப்பன் மாளிகை, விக்டோரியா பொதுக்கூடம், நேரு விளையாட்டரங்கம் எல்லாம் நிற்பது அந்தப் பூங்காவின் நிலத்தில்தான். 'பார்க் டவுன்' என்ற பெயரும் அதன் மிச்சம். அங்கே ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியில் பார்க் ஃபேர் என்ற கண்காட்சி நடக்கும். 1886 டிசம்பர் 31 அன்று அந்தக் கூட்டத்தில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்துபோனார்கள். பறை காய்ச்சும் தீயைப் பார்த்து நீங்கள் பயந்தது தப்பே இல்லை. பந்தலுக்குத் தள்ளி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு, ஒருவர் காவல் இருக்க அந்தத் தீ எரிகிறதா என்று பாருங்கள். அப்படி இல்லையென்றால் தாராளமாகக் கேள்வி கேளுங்கள்.

திருவிழாவுக்காகவே பிறந்த பூங்காவும் உண்டு. அண்ணா நகர் விஸ்வேஸ்வரய்யா கோபுரப் பூங்கா 1968-ல் நடந்த வர்த்தகக் கண்காட்சிக்காக எழுந்தது. பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த அந்தக் கோபுரம் 2023-ல் பொதுமக்களுக்காக மீண்டும் திறக்கப்பட்டது.

பறையைப் பற்றி இன்னும் கொஞ்சம்

மற்ற கலைகளைவிட இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. காரணம் உங்களுக்கே தெரியும். பூங்காவில் பறைச் சத்தம் கேட்டதும், "சாவு வீட்டு மேளத்தையா இங்க கொண்டுவந்து அடிக்கிறாங்க?" என்று முகம் சுளிக்கும் ஒரு குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தக் குரல் நம் வீட்டுக்குள்ளிருந்தே வந்திருக்கலாம்.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்குமான கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையையும் சேர்க்கிறது. குறிஞ்சிக்கு ஒரு பறை, நெய்தலுக்கு ஒரு பறை என்று நிலத்துக்கொன்று இருந்தது. செய்தி அறிவிக்கவும் பறைதான். 'பறை' என்ற சொல்லுக்கே 'சொல்' என்றுதான் பொருள். அப்படிப்பட்ட கருவியைப் பிற்காலத்தில் சாதி, இழவு வீட்டுக்குள் அடைத்துவைத்தது. அடிப்பவர்களைக் கட்டாயப்படுத்தியது, அதே தொழிலைக் காட்டி இழிவும் செய்தது. அதனால் சுயமரியாதைக்காகப் பறையையே தூக்கிப் போட்டவர்கள் உண்டு. எங்கள் கலை என்று தலைநிமிர்ந்து அதைக் கையில் எடுத்தவர்களும் உண்டு. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஊரில் எந்தத் தெருவில் பறை போகலாம், எதில் போகக்கூடாது என்று எழுதாத சட்டம் இருந்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. நகரத்துப் பூங்காவுக்கு அப்படி ஒரு தெரு கிடையாது. நடுப்புல்வெளியில் நின்று அடிக்கலாம். பள்ளிப் பையனும் ஓய்வுபெற்ற அதிகாரியும் பக்கத்துக் கடையின் டெலிவரிப் பையனும் ஒரே வட்டத்தில் நின்று பார்ப்பார்கள். என் கணக்கில் சங்கமத்தின் பெரிய சாதனை இந்த வட்டம்தான், மேடை அலங்காரமெல்லாம் அதற்கு அப்புறம்.

இனி பார்க்கும்போது கைகளைக் கவனியுங்கள். இடக்கையில் இருப்பது நீளமான, மெல்லிய மூங்கில் சிம்புக் குச்சி. வலக்கையில் இருப்பது குட்டையான, தடித்த அடிக்குச்சி. தடித்தது தாளத்தின் அடியைப் போட, மெல்லியது நடுவில் நிரப்பிக்கொண்டே போகும். ஒருவர் அடவை மாற்றினால் மற்றவர்கள் கண்ணைப் பார்த்து மாற்றுவார்கள். அந்தக் கண்ஜாடையைப் பிடித்துவிட்டீர்கள் என்றால், அடுத்த முறை உங்களால் பாதியில் எழுந்து போக முடியாது.

கலைக்குத் தரை வேண்டும்

கரகாட்டத்தில் இரண்டு வகை. கோயிலில் நேர்த்திக்காக எடுப்பது சக்திக் கரகம். பொது இடத்தில் நாம் பார்ப்பது ஆட்டக் கரகம். தலையில் குடம், அதன் மேல் பூ அலங்காரக் கூடு, உச்சியில் ஒரு கிளி. கை படாமல் அது தலையிலேயே நிற்க வேண்டும். ஆடுபவருக்கும் நையாண்டி மேளத்துக்கும் இடையில் ஓயாத பேச்சு நடக்கும். நாதஸ்வரமும் தவிலும் பம்பையும் தமுக்கும் சேர்ந்த அந்த மேளம் ஆட்டக்காரரைக் கிண்டல் செய்யும், அவர் காலால் பதில் சொல்வார். இந்த உரையாடல் நடக்க இருவரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும். சில நிகழ்ச்சிகளில் மேளக்காரர்களை மேடைக்குக் கீழே ஒரு மூலையில் உட்காரவைத்து, ஆடுபவரை மேலே ஏற்றிவிடுகிறார்கள். படம் எடுக்க நன்றாக இருக்கும், ஆட்டம் செத்துப்போகும்.

பொய்க்கால் குதிரைக்குச் சிக்கல் வேறு. குதிரைக் கூட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு, காலில் மரக்கட்டைகளைக் கட்டி அதன் மேல் நின்று ஆடுகிறார்கள். மெத்தென்ற புல்தரை நமக்கு உட்கார சுகம். கட்டைக்காலுக்கு அது ஆபத்து. தண்ணீர் பாய்ச்சிய புல்லில் கட்டை புதைந்தால் கணுக்கால் போச்சு. இதற்குப் பூங்காவின் கல் பதித்த வட்டமோ, காய்ந்த மண் திடலோதான் சரி. ஒயிலாட்டத்துக்கும் தேவராட்டத்துக்கும் வரிசையாக நின்று அடி எடுத்துவைக்க நீளமான இடம் வேண்டும். பூச்செடிப் பாத்திகளுக்கு நடுவில் ஆடச் சொன்னால் செடிக்கும் நஷ்டம், ஆட்டத்துக்கும் நஷ்டம்.

தோற்பாவைக் கூத்து வந்தால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: பக்கத்து விளக்குக் கம்பத்தை அணைக்கச் சொல்லுங்கள். ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகளைத் திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து ஆட்டும் கலை அது. நம் பூங்காக்களில் இப்போது உயர்கோபுர விளக்குகள் பட்டப்பகல் போல எரிகின்றன. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் அந்த வெளிச்சத்தில் பாவைக்கூத்து, பகலில் போட்ட சினிமா மாதிரி ஆகிவிடும்.

கலைக்கு நேரம் வேண்டும்

பூங்காவுக்கு வரும்போது அதிகம் இழப்பது தெருக்கூத்துதான். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கதையை விடிய விடிய ஆடும் கலை அது. முகத்துக்கு வண்ணம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி முடிக்கவே சில மணி நேரம் ஆகும். கட்டியக்காரன் வந்து ஊர் வம்பெல்லாம் பேசிச் சிரிக்கவைத்து, இருவர் திரை பிடிக்க, அந்தத் திரைக்குப் பின்னால் நின்று தன்னை யாரென்று பாடி அறிவித்துவிட்டுத்தான் ஒரு பாத்திரம் வெளியே வரும். அந்த வருகைக்கே அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம்.

நம் நிகழ்ச்சி நிரலில் கூத்துக்கு எவ்வளவு நேரம்? நாற்பது நிமிடம். சில இடங்களில் இருபது. ஆக கட்டியக்காரன் போய்விடுவான், திரையும் போய்விடும். மிச்சம் இருப்பது ஒரு சுழற்சி ஆட்டமும் ஒரு சண்டையும். 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட புரிசை கண்ணப்ப சம்பந்தன் போன்றவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த கலையை நாம் முன்னோட்டமாக மட்டும் பார்த்துவிட்டு, "ஓ, இதுதான் கூத்தா" என்று வீடு திரும்புகிறோம்.

சரி, பூங்காவிலும் விடிய விடிய ஆடட்டுமே என்றால் அங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது, நியாயமான சட்டம்தான். ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மைக் இல்லாத இசைக்கருவிக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு தளர்வு தரலாம். அதற்கு மேல் வழியில்லை. ஆகவே பூங்காவில் முழுக்கூத்து சாத்தியமில்லை. ஆனால் ஒரு பூங்காவில் ஆறு கலைகளை நெருக்கிப் போடுவதற்குப் பதிலாக, ஒரு மாலை முழுவதையும் கூத்துக்கு மட்டும் கொடுக்க முடியும். ஆறரைக்குத் தொடங்கினால் பத்துக்குள் மூன்றரை மணி நேரம். அதில் ஒரு கதையின் முக்கியப் பகுதியைத் திரை, கட்டியக்காரன் எல்லாம் வைத்தே ஆடலாம். நம் நிகழ்ச்சிகளைத் திட்டமிடுபவர்கள், எங்கள் துறைக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எண்ணிக்கையை விட்டு நேரத்தைக் கணக்கு வைக்கத் தொடங்கலாம்.

நடப்பவருக்கும் உரிமை உண்டு

இந்தப் பக்கம் வாக்கிங் வருபவர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். அவர்கள் கலைக்கு எதிரி இல்லை. மூட்டுவலியோடு தினமும் நடக்கும் ஒரு பெரியவருக்கு நான்கு நாள் பாதை அடைபட்டால் அது உண்மையான நஷ்டம். எதிர்வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம், பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை இருக்கலாம்.

விதியில் இதற்கும் எண்கள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் ஒலி அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கிச் சத்தம், அந்தப் பகுதிக்கான அளவைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. அதாவது வீடுகள் சூழ்ந்த பூங்கா என்றால் மதிலருகே 65. நாம் இருவர் சாதாரணமாகப் பேசுவதே ஏறக்குறைய 60 வரும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பூங்காவில் இடமே இல்லை என்பது புரியும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருந்தால் கட்டுப்பாடு இன்னும் கடுமை.

உண்மையில் நம் கலைகளுக்கு அந்தப் பெட்டிகள் தேவையும் இல்லை. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு ஞாயிறு காலையில் போனவர்களுக்குத் தெரியும்: சதுரங்கக் கட்டங்கள் வரைந்த சின்னத் திடலில் பிள்ளைகள் மைக் இல்லாமல் கர்நாடக இசைக் கச்சேரி செய்வார்கள். அதற்கே ஒரு கூட்டம் உண்டு. கேட்க வேண்டுமென்றால் கிட்டே போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். நடப்பவர்கள் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார்கள். பறைக்கும் தவிலுக்கும் மைக் வைப்பது தேங்காயை உடைக்க ரோலர் கொண்டுவருவது மாதிரி. கூத்தில் பாடுபவருக்கும் கதை சொல்பவருக்கும் மட்டும் அளவாக ஒன்று வைத்தால் போதும்.

நடைபாதைக்குத் தீர்வு இன்னும் எளிது. திடலைச் சுற்றிக் கயிறு கட்டும்போது நடைபாதையை வெளியே விடுங்கள். நாற்காலிகளைப் பாதையில் போடாதீர்கள். இதை முதல் நாளே பூங்கா வாசலில் எழுதி ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை வராது.

உங்கள் பூங்காவில் நீங்களே நடத்தலாம்

சங்கமம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. குடியிருப்போர் நலச் சங்கம், நூலக வாசகர் வட்டம், பள்ளிப் பெற்றோர் குழு என யார் வேண்டுமானாலும் முயற்சி எடுக்கலாம்.

முதலில் பூங்கா யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் பெரும்பாலானவை மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளவை. செம்மொழிப் பூங்கா போன்றவை தோட்டக்கலைத் துறையின் கீழ் வருகின்றன. மாநகராட்சிப் பூங்கா என்றால் உங்கள் மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும் (உங்கள் மண்டலம் எது என்று தெரியாவிட்டால் 1913-க்குப் போன் செய்து கேளுங்கள்). மற்ற ஊர்களில் மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தை அணுகுங்கள். ஒலிபெருக்கி உண்டென்றால் காவல்துறையிடம் தனியாக எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டும். பூங்கா அனுமதி கிடைத்துவிட்டதே, இது எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். கடைசி நேரத்தில் நிகழ்ச்சி நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

விண்ணப்பத்தில் தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர் வருவார்கள், பந்தல் உண்டா, மின் இணைப்பு எங்கிருந்து, பறை காய்ச்சத் தீ மூட்டுவீர்களா என்பதையெல்லாம் வெளிப்படையாக எழுதுங்கள். தீ விஷயத்தை மறைத்துவிட்டு அன்றைக்குச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், காவலாளி வந்து அணைத்துவிட்டுப் போவார். பறை தளர்ந்தபடியே ஒலிக்கும். குப்பைக்கு யார் பொறுப்பு என்றும் ஒரு வரி இருக்கட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடை இருப்பதால் தண்ணீருக்குக் குடமும் எவர்சில்வர் டம்ளரும்தான் சரி.

ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். ஒரு மாலைக் கலை நிகழ்ச்சி வேறு, பூங்காவையே வேறொன்றாக மாற்றுவது வேறு. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பட்டியலில் உள்ள பூங்காவை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்த முடியாது. கலை விழா என்ற பெயரில் நிரந்தரக் கட்டடம் எழுந்தாலோ, மாதக்கணக்கில் கடைகள் முளைத்தாலோ கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கலைஞர்களை எங்கே தேடுவது? கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகங்களில் விசாரிக்கலாம். மாவட்ட அளவில் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என்று வயதுவாரியாக விருதுகள் வழங்கப்படுகின்றன. அந்தப் பட்டியலைப் பார்த்தாலே உங்கள் மாவட்டத்தில் யார் எந்தக் கலையில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பூங்காவில் ஆட்டம் பிடித்திருந்தால் முடிந்ததும் குழுத் தலைவரிடம் போய்ப் பேசுங்கள். பெயர், ஊர், போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். செல்ஃபி அப்புறம் எடுக்கலாம்.

சம்பளத்தை முன்கூட்டியே பேசி, முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள். குழு என்றால் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். வேன் வாடகை, சாப்பாடு, ஒப்பனைப் பொருள் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். பெண் கலைஞர்கள் உடை மாற்றப் பூட்டக்கூடிய ஓர் அறையும், சுத்தமான கழிப்பறையும் கட்டாயம். பூங்காவில் அது இல்லையென்றால் பக்கத்துப் பள்ளியிலோ சமுதாய நலக்கூடத்திலோ ஏற்பாடு செய்த பிறகே தேதியை முடிவு செய்யுங்கள். மேடைக்குப் பின்னால் சேலையைத் திரையாகப் பிடித்து உடை மாற்றும் நிலையை நம் நகரங்களில் இன்னும் பார்க்க முடிகிறது. வெட்கப்பட வேண்டியது அவர்கள் இல்லை.

வந்த கலைஞர் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து ஆகியவற்றுக்கான உதவிகள் வாரியம் மூலம் கிடைக்கின்றன. பதிவு இல்லையென்றால், விண்ணப்பம் நிரப்ப உங்களில் கணினி தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

தை முடிந்த பிறகு

கோடையில் பூங்காக் கலை மலையேறிவிடும். உதகையில் 1848-ல் தொடங்கப்பட்ட அரசுத் தாவரவியல் பூங்காவில் 1896-லிருந்து மலர்க் காட்சி நடந்துவருகிறது. மே மாதத்தில் கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவிலும் மலர்க் காட்சி உண்டு. பூக்களைப் பார்க்கப் போகிறவர்கள் மாலை நிகழ்ச்சிகளையும் விடாதீர்கள். நீலகிரியின் தோடர், கோத்தர், படுகர் கலைகளை அவர்களின் மண்ணிலேயே பார்க்க அது ஒரு வாய்ப்பு. ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி, சென்னை நாள் கொண்டாட்டத்தில் மரங்களை அறிமுகம் செய்யும் பூங்கா நடைகளும் நடக்கும்.

பூங்காவில் பார்த்த கூத்தை முழுசாகப் பார்க்க ஆசை வந்துவிட்டால், பங்குனியிலிருந்து ஆடிக்குள் அந்தக் குழுத் தலைவருக்கு ஒரு போன் போட்டு, எந்த ஊரில் ஆடுகிறார்கள் என்று கேளுங்கள். போர்வையும் கொசுவர்த்தியும் எடுத்துப் போங்கள். விடியும்வரை உட்கார வேண்டியிருக்கும். அடுத்த தைக்கு உங்கள் பூங்காவில் பறை வைப்பதாக இருந்தால், வைக்கோல் எங்கே கிடைக்கும் என்று மார்கழியிலேயே விசாரித்துவிடுங்கள். நகரத்துக்குள் ஒரு கட்டு வைக்கோல் தேடி அலைவது, மண்டல அலுவலகத்தில் அனுமதி வாங்குவதைவிடக் கஷ்டமான வேலை.